பழைய கணினிகளுக்கு ரூஃபஸ்: ஒரு மதிப்புரை

பழைய கணினியில் இயங்குதளம் நிறுவும்போது கருந்திரையில் ஒற்றைப் பிழைவரி மட்டும் வந்து நின்றால் பழி கணினியின் மீதே விழுகிறது. ஆனால் பென் டிரைவைத் தயாரித்த முறைதான் பல நேரங்களில் காரணம். இயங்குதளம் நிறுவுவதற்கான பென் டிரைவைத் தயாரித்துத் தரும் ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளை நான் மனமாரப் பரிந்துரைப்பது இதனால்தான்.

கணினியை இயக்கியதும் முதலில் ஓடி இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் அடிப்படை நிரல் பழைய கணினிகளில் பயாஸ், புதியவற்றில் யூஇஎஃப்ஐ. யூஇஎஃப்ஐ வருவதற்கு முந்தைய பயாஸ் கணினிகள் வட்டின் முதல் 512 பைட்டில் உள்ள துவக்க நிரலைப் படித்தே தொடங்குபவை என்பதால், யூஇஎஃப்ஐக்கென ஜிபிடி என்ற புதிய பகிர்வு முறையில் (வட்டைப் பகுதிகளாகப் பிரித்துக் குறிக்கும் முறை) தயாரித்த பென் டிரைவிலிருந்து அவற்றால் தொடங்க இயலாது. ரூஃபஸில் பகிர்வு முறையை, பழைய முறையான எம்பிஆர் என மாற்றினால், இலக்குக் கணினி என்ற கட்டமும் பயாஸுக்கு ஏற்பத் தானே மாறிவிடுகிறது. அப்போதும் தொடங்க மறுக்கும் கணினிகளுக்காக, பழைய பயாஸ்களுக்கான திருத்தங்களைச் சேர்க்கும் தெரிவு ஒன்று மேம்பட்ட அமைப்புகளுக்குள் இருக்கிறது. இதை அவ்வளவு உள்ளே வைத்திருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. பென் டிரைவில் பழுதான பகுதிகள் உள்ளனவா என்று சோதிக்கும் வசதி மெதுவானது, ஆனால் நம்பகமானது.

32 பிட் செயலியில் 64 பிட் லினக்ஸைத் தொடங்கினால் வரும் 'எக்ஸ்86-64 சிபியு தேவை' என்ற பிழையை இம்மென்பொருளால் தீர்க்க முடியாது. அதற்கு 32 பிட் பதிப்பையே தேட வேண்டும். ரூஃபஸ் விண்டோஸில் மட்டுமே இயங்கும். விண்டோஸ் 7 வைத்திருப்போர் 3.22 பதிப்பைப் பயன்படுத்தலாம்.