ஈஸ் திட்டம்: கழிவறைக்கு நிறைவு, வாசலுக்கு நிபந்தனையோடு

சிங்கப்பூரில் முதியோர் வசிக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் மாற்றங்கள் செய்து தரும் ஈஸ் திட்டத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கழிவறைக் கைப்பிடிகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் என் மாமியாருக்காக அத்திட்டத்தைப் பயன்படுத்தியபின், வாசலில் என்ன செய்ய முடியும், எது முடியாது என்பதைத்தான் விண்ணப்பிக்குமுன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கழிவறை வேலையில் குறை சொல்ல அதிகமில்லை. தரை ஓடுகளுக்கு வழுக்காப் பூச்சும் சுவரில் பிடிமானக் கம்பிகளும் வந்தன. கம்பிகளின் உயரத்தை அளவு நாடாவை மட்டும் நம்பாமல் அத்தையையே உட்கார்ந்து எழச் சொல்லிப் பார்த்து முடிவு செய்தார்கள். வேலை முடிந்ததும் சிமெண்டுத் தூசியை ஒப்பந்ததாரர் அரைகுறையாகவே துடைத்துவிட்டுப் போனார். குடிமக்களுக்குச் செலவில் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. நான்கறை வீட்டுக்கு நாம் கட்டவேண்டிய பங்கு 7.5 விழுக்காடுதான் என்பதால், இதே வேலைக்கு வெளியில் விலை கேட்பது வீண்.

வாசலின் கதை வேறு. கதவுக்கு உள்ளே இருப்பது நம் வீடு. வெளியே இருக்கும் தாழ்வாரம் எல்லாருக்கும் பொதுவானது, அது தீ விபத்தில் மக்கள் தப்பிச் செல்லும் வழியுமாகும். அதனால் அங்கே 1.2 மீட்டர் அகலம் எப்போதும் தடையின்றி இருக்க வேண்டும். பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் விதித்தொகுப்போ, இவ்வளவு சிறிய ஏற்றத்துக்கே ஒரு பங்கு உயரத்துக்குப் பத்து பங்கு நீளமுள்ள சரிவைக் கேட்கிறது. பத்து சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரே படிக்குக்கூட 1 மீட்டர் நீளச் சரிவு வேண்டும். அதை நேராக வெளியே நீட்டினால் தாழ்வாரம் 2.2 மீட்டராவது அகலமாக இருக்க வேண்டும். பழைய புளோக்குகளில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? தரை வீட்டுக்காரர்கள் எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளிக்காக நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிகளைப் புரட்டுவது போல, நாங்கள் தாழ்வாரத்தை அளந்துகொண்டிருந்தோம்.

கணக்குக்கு ஒத்து வந்தது குட்டையான, சற்றுச் செங்குத்தான சரிவுதான். பின்னாலிருந்து ஒருவர் தள்ளினால் நாற்காலி ஏறிவிடுகிறது. அத்தையால் தனியாக ஏற முடியாது. ஆகவே வாசல் வேலைக்கு நான் பாதி மதிப்பெண்தான் தருவேன். ஆனாலும் எங்கள் இஷ்டத்துக்குச் சிமெண்டுச் சரிவு கட்டிப் பின்பு உடைக்க வேண்டிய நிலைக்கு ஆளாகாமல், எது கூடும், எது கூடாது என்பதை முன்பே நேரில் வந்து பார்த்துச் சொன்னது பெரிய நிம்மதி.

அளவெடுக்க வருபவரிடம் இரும்புக் கதவைத் திறந்து காட்டிவிடுங்கள். வெளிப்பக்கம் திறக்கும் கதவாக இருந்தால், அது சரிவின் மேல் இடித்து நிற்கும். நாற்காலியையும் அருகில் வைத்திருங்கள், ஏனெனில் நாற்காலிகளின் அகலம் மாறுபடும். வாசலில் பல படிகள் இருந்தால் சக்கர நாற்காலியைத் தூக்கும் கருவி பொருந்துமா என்றும் அப்போதே கேட்கலாம். 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயதுடையவர் வீட்டில் இருந்தால் விண்ணப்பிக்கலாம். 60 முதல் 64 வயது வரையானவர்களுக்குக் குளிப்பது, உடுத்துவது, நடமாடுவது போன்ற அன்றாட வேலைகளில் ஒன்றிலாவது உதவி தேவைப்பட வேண்டும்.