காவேரிப்பட்டணம் குடோன் பீமுக்குச் செய்த விரிசல் பரிசோதனை

எங்கள் மாங்கூழ் குடோனில் ஒரு பீமின் நடுவில் மயிரிழைபோல விரிசல்கள். மாடியில் டின் பெட்டிகள் அடுக்கியாக வேண்டும். பெங்களூரா மாம்பழ வரத்துக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. முதலில் வந்து பார்த்தவர் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தால் போதும் என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தப் பீமுக்குக் கீழேதான் ஆறு பெண்கள் உட்கார்ந்து லேபிள் ஒட்டுகிறார்கள்.

ஓசூரிலிருந்து ஒரு டெஸ்டிங் குழுவை வரவழைத்தேன். வந்ததும் உள்ளே கம்பி எங்கெங்கே ஓடுகிறது என்று கருவி வைத்துத் தேடி, சாக்பீஸால் கோடு போட்டார்கள். விரிசலை ஒலி அனுப்பித்தான் அளக்கிறார்கள்; கம்பியில் ஒலி கான்கிரீட்டைவிட வேகமாக ஓடும். அதை ஒட்டி அளந்தால் விரிசல் இருந்தும் இல்லாததுபோலக் காட்டிவிடுமாம். இந்தக் கவனம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

அப்புறம் பீமின் அடியில், இரண்டு கம்பிகளுக்கு நடுவே, கிரீஸ் தடவி 300 மி.மீ. இடைவெளியில் ஒலியை அனுப்பவும் வாங்கவும் இரண்டு ப்ரோப் வைத்தார்கள். நல்ல இடத்தில் அல்ட்ராசானிக் ஒலி கடக்க 75 மைக்ரோ செகண்ட். பெரிய விரிசலில் 81. ஒலி விரிசலின் நுனியைச் சுற்றி வருவதால்தான் இந்தத் தாமதம். அதை வைத்தே ஆழம் சுமார் 60 மி.மீ. என்று இன்ஜினியர் கணக்குப் போட்டுக் காட்டினார்.

சரி, பாரம் ஏறினால்? கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறபடி, மாடியில் வரக்கூடிய பாரத்தைப்போல 1.25 மடங்கு மணல் மூட்டை ஏற்றி 24 மணி நேரம் வைத்தார்கள். கண்ணுக்கு விரிசல் அப்படியேதான் இருந்தது. கருவி 85 காட்டியது; உள்ளே 80 மி.மீ. வரை ஏறியிருக்கிறது. மூட்டைகளை இறக்கியதும் 82-க்குத் திரும்பியது. டயல் கேஜில் பீம் தாழ்ந்தது 1.6 மி.மீ. எங்கள் 5 மீட்டர் நீள, 450 மி.மீ. ஆழப் பீமுக்கு 2.2 வரை போகலாம். அன்று இரவுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

குறை என்றால், ரிப்போர்ட் கைக்கு வர பன்னிரண்டு நாள் ஆனது. அதுவும் முழுக்க ஆங்கிலம். நேரில் தமிழில் அவ்வளவு தெளிவாக விளக்கியவர்கள், ஒரு பக்கமாவது தமிழில் எழுதித் தந்திருக்கலாம். செலவு, புதுப் பீமுக்கு மேஸ்திரி கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

சாக்பீஸ் குறிகள் அழியாமலிருக்க அவற்றின் மேல் எனாமல் பெயிண்ட் வைத்திருக்கிறேன். சீசன் முடிந்து டின்கள் இறங்கியதும் அதே இடத்தில் மறுபடி அளக்க வரச் சொல்லியிருக்கிறேன்.