தொட்டியில் வளர்க்க பாதாமா, ஹேசல்நட்டா?

பால்கனியில் பெரிய தொட்டி இரண்டுக்குத்தான் இடம். ஒரு கொட்டை மரமாவது வளர்த்தே தீருவது என்று இறங்கியபோது கடைசிவரை நின்றவை இரண்டு: குட்டை ரக பாதாம், ஹேசல்நட். வால்நட்டும் பீக்கனும் ஆணிவேரை ஆழமாக இறக்கும் பெருமரங்கள், தொட்டிக்கு அடங்காது. பிஸ்தாவில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி, இரண்டும் இருந்தால்தான் காய்க்கும். மிஞ்சிய இரண்டையும் வளர்த்துப் பார்த்துவிட்டு இப்போது பாதாம் பக்கம்தான் இருக்கிறேன்.

நல்ல வெயில், நீர் தேங்காத மண்கலவை, 50 முதல் 60 லிட்டர் தொட்டி: இவை இரண்டுக்கும் பொது. முடிவைத் தீர்மானித்தது மகரந்தச் சேர்க்கை.

ஹேசல்நட்டில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே செடியில்தான் இருக்கும். ஆனாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. "இரண்டு செடி வையுங்கள், காய்க்கும்" என்றார் விற்றவர். நானும் ஒரே ரகத்தில் இரண்டு வாங்கி வைத்தேன். அங்கேதான் பிழை. ஒரே ரகச் செடிகள் எல்லாம் ஒரு தாய்ச்செடியின் நகல்கள். பத்து வைத்தாலும் மகரந்தக் கணக்கில் ஒன்றுதான். வேறு ரகம் வேண்டும். அதுவும் இதோடு ஒத்துப்போகிற ரகமாக, ஒரே சமயத்தில் பூப்பதாக இருக்க வேண்டும். குளிர்காலக் கடைசியில் ஆண் பூக்கள் மஞ்சள் சரங்களாகத் தொங்கின, தட்டினால் தூள் பறந்தது. மொட்டு நுனியில் பெண் பூ, நாலைந்து சிவப்பு நூல் நீட்டியதுபோல. பார்க்க அழகு. இரண்டு குளிர்காலம் போயும் ஒரு கொட்டைகூட இல்லை. செடிகளும் இளசுதான், அதனால் பழி முழுவதையும் ரகத்தின்மேல் போட மாட்டேன்.

பாதாமிலும் பெரும்பாலான ரகங்கள் இப்படித்தான். பெயர்பெற்ற 'நான்பரெய்ல்' கூடத் துணை ரகம் இல்லாமல் காய்க்காது. ஆனால் 'கார்டன் பிரின்ஸ்', 'ஆல்-இன்-ஒன்' போன்றவை தனி மரமாகவே காய்க்கும். ஒரே தொட்டி போதும் என்பது சின்ன இடத்தில் எவ்வளவு பெரிய விஷயம்! நான் வைத்திருப்பது கார்டன் பிரின்ஸ், இயல்பிலேயே குட்டை. தேனீ வராத நாட்களில் மெல்லிய தூரிகையால் பூவுக்குப் பூ தொட்டுவிடுகிறேன். மூன்றாம் ஆண்டில் காய் பிடித்தது. பச்சைத் தோல் காய்ந்து மரத்திலேயே வெடித்து, உள்ளே பழுப்பு ஓடு தெரிந்ததும் பறித்தேன். இரண்டு கைப்பிடி இருக்கும். விதை போட்டு முளைக்கவைத்த கன்று வேண்டாம், பருப்பு கசப்பாகவும் வரலாம். ஒட்டுக்கன்றே வாங்குங்கள்.

பாதாமின் பலவீனம், அவசரப்பட்டுப் பூப்பது. பூ விரிந்தபின் உறைபனி அடித்தால் நடுவில் இருக்கும் சூல்தண்டு கறுத்துவிடும், அந்தப் பூவில் காய் இல்லை. ஹேசல்நட் பூ குளிரை நன்றாகத் தாங்கும். தொட்டி என்பதால் பனி இரவுகளில் பாதாமைச் சுவரோரம் நகர்த்திப் போர்த்திவிடலாம். சக்கரப் பலகை இல்லாமல் நகர்த்த முயலாதீர்கள், ஈர மண்ணோடு கனம் அதிகம்.

குளிர்காலத் தேவையிலும் பெரிய வித்தியாசம் உண்டு. கணக்கு குளிர் மணி நேரத்தில், அதாவது குளிர்காலம் முழுக்க வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும் மொத்த நேரம். கார்டன் பிரின்ஸுக்கு ஏறத்தாழ 250 முதல் 300 மணி நேரக் குளிர் போதும். ஹேசல்நட்டுக்கு 800க்கு மேல் வேண்டும். குளிர்காலமே இல்லாத இடத்தில் இரண்டிலும் காய் எதிர்பார்க்க வேண்டாம்.

பராமரிப்பில் ஹேசல்நட் அடியிலிருந்து பக்கக்கன்றுகளை விட்டுக்கொண்டே இருக்கும், வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பாதாமுக்கு இலை உதிர்ந்தபின் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தொட்டியிலிருந்து எடுத்து, சுவரோடு சுற்றிக்கொண்ட வேரை நறுக்கிப் புது மண்ணில் வைக்க வேண்டும். நான் இதுவரை ஒரே முறைதான் செய்திருக்கிறேன். அடுத்த வசந்தத்தில் வழக்கம்போலத் துளிர்த்தது.

தரையில் இரண்டு புதர் வைக்க இடமும் நல்ல குளிரும் இருப்பவர்கள் ஹேசல்நட்டையே வையுங்கள், இரண்டும் வெவ்வேறு ரகமாகப் பார்த்து. என் இரண்டு ஹேசல்நட்டும் அப்படி ஒரு தோட்டத்துக்குத்தான் போயிருக்கின்றன. அங்கே ஏற்கெனவே வேறொரு ரகம் நிற்கிறது.