குதிரைக்கான துடிப்பு பெல்ட்: பயிற்சிக்குச் சரி, வெட் செக்கில் காதுதான்

எண்டியூரன்ஸுக்கு, அதாவது நெடுந்தூரக் குதிரைப் பந்தயத்துக்கு, குதிரை பழக்குகிறவர்கள் என்றைக்காவது ஒருநாள் இதயத் துடிப்பை அளக்கிற இந்தத் துடிப்பு பெல்ட்டை வாங்கத்தான் போகிறார்கள். நான் வாங்கி இரண்டு சீசன் ஆகிறது. சேணத்துக்கு அடியில் துடிப்பை உணர்கிற ஒரு எலெக்ட்ரோடு, வயிற்று வாருக்கு அடியில் ஒன்று, கையில் வாட்ச், அவ்வளவுதான்.

பயிற்சியில் இதற்கு முழு மார்க். சும்மா நிற்கும்போது துடிப்பு நிமிடத்துக்கு 40க்குள் இருக்கிற என் குதிரை, மேடு ஏறினால் எவ்வளவு போகிறது, நடக்கவிட்டால் எத்தனை நிமிடத்தில் இறங்குகிறது என்று தினமும் பார்த்துப் பார்த்து அதன் போக்கு பிடிபட்டுவிட்டது. ஒருநாள் வழக்கமாக இறங்குகிற நேரத்தில் துடிப்பு இறங்கவே இல்லை. வெளியில் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலையில் முன்னங்காலைத் தாங்கித் தாங்கி நடந்தது. வலி இருந்தாலும் துடிப்பு ஏறும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

வெட் செக், அதாவது பந்தயத்தில் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கால்நடை டாக்டர் செய்கிற பரிசோதனை, வேறு கதை. எஃப்.இ.ஐ. (சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு) பந்தயங்களில் பொதுவாக வந்து சேர்ந்த 15 நிமிடத்துக்குள் துடிப்பு 64க்கு இறங்கியாக வேண்டும், நடுவில் வருகிற செக்குகளில் அதுவரை போகிற நேரமும் ஓட்டக் கணக்கில்தான் சேரும், அதனால் எல்லாருக்கும் அவசரம். சேணத்தைக் கழற்றி, கழுத்திலும் தொடையிலும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே எலெக்ட்ரோடை ஒரு கையால் அழுத்திப் பிடித்திருந்தேன். வாட்ச் 58 காட்டியது. தைரியமாக உள்ளே போனேன். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார்: 68! பிடி நழுவியதில் பெல்ட் சில துடிப்புகளைத் தவறவிட்டிருக்கிறது. இன்னொரு முறை காட்ட அனுமதி இருந்ததால் பிழைத்தேன்.

இப்போது செக்குக்கு முன்னால் நானே ஸ்டெதாஸ்கோப் வைத்துக்கொள்கிறேன். இடது முழங்கைக்குப் பின்னால், வார் கட்டும் இடத்தில். லப்-டப் இரண்டும் சேர்ந்து ஒரு துடிப்பு. முதல் தடவை நான் இரண்டாக எண்ணிப் பயந்துபோனது தனிக்கதை. 15 விநாடிக்கு 16 வந்தால் 64. ஒன்று விட்டுப்போனால் கணக்கில் நாலு குறையும், அதனால் நான் 30 விநாடி எண்ணுகிறேன்.

அப்புறம், டாக்டர் பார்ப்பதில் துடிப்பு ஒரு பங்குதான். ஈறை விரலால் அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்புகிறதா, தோலைக் கிள்ளினால் உடனே படிகிறதா, முதுகில் வலி இருக்கிறதா, கயிற்றைத் தளர்த்தி ஓடவிட்டால் நொண்டுகிறதா, எல்லாம் உண்டு. ஒருமுறை எங்களுக்குத் துடிப்பு 52, ஆனால் வலப்பக்கம் குடல் சத்தமே இல்லை. தின்னவிட்டு மறுபடி கூட்டி வரச் சொன்னார். அதை எந்த வாட்ச்சும் சொல்லாது.

இன்னொரு குறை: குதிரை வியர்வையில் உப்பு அதிகம், கம்பி சேரும் இடம் ஒரே சீசனில் பச்சை பிடித்துவிட்டது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து வையுங்கள். 5க்கு 3. கையில் காசு குறைவு என்றால் முதலில் ஒரு நல்ல ஸ்டெதாஸ்கோப் வாங்குங்கள், பெல்ட் அடுத்த சீசனுக்குப் பார்க்கலாம்.