‘ஒரு புள்ளிதான் தம்பி குறையுது’: ஜெர்மனி விசாவுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

மண்டபம், வேதாளை, உச்சிப்புளி, பெரியபட்டினம் பக்கம் யாராவது ஜெர்மனி போக ஏஜெண்டிடம் பணம் கட்டியிருந்தாலோ, கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாலோ இது உங்களுக்குத்தான். நான் 1,85,000 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் ஆளின் பெயரை எழுதவில்லை. ராமநாதபுரத்தில் அலுவலகம் வைத்திருக்கிறார்.

என் ஊர் மண்டபம். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். நான் பி.இ. மெக்கானிக்கல் முடித்து சவூதியில் ஜுபைலில் ஐந்து வருஷத்துக்கு மேல் பம்ப், கம்ப்ரசர் பராமரிப்பு பார்த்தேன். கான்ட்ராக்ட் முடிந்து ஊருக்கு வந்தபோது வயது 31. திரும்பவும் தனியாக வளைகுடாவில் கிடக்க மனமில்லை, குடும்பத்தோடு இருக்கிற மாதிரி ஒரு நாடு தேடினேன். ஜெர்மனி 2024 ஜூன் 1 முதல் ‘ஆப்பர்சூனிட்டி கார்டு’ என்று வேலை தேடும் விசா ஒன்றைக் கொடுக்கிறது. அதில் வயது, அனுபவம், மொழி என்று புள்ளி போட்டுப் பார்க்கிற முறை ஒன்று உண்டு. சொந்தக்காரர் ஒருவர்தான் அந்த ஏஜெண்டிடம் கூட்டிப்போனார்.

முதல் நாளே ஒரு வெள்ளைத் தாளை எடுத்து சிவப்புப் பேனாவால் எழுதிக் காட்டினார். “வயசு 35-க்குள்ள, ரெண்டு புள்ளி. அஞ்சு வருஷ அனுபவம், மூணு. மொத்தம் அஞ்சு. ஆறு வேணும். ஒரு புள்ளிதான் தம்பி குறையுது.” ஆறைச் சுற்றி இரண்டு முறை வட்டம் போட்டார். அந்தக் கணக்கில் பொய் எதுவும் இல்லை. கடைசி ஏழு வருஷத்தில் ஐந்து வருஷ அனுபவம் இருந்தால் 3 புள்ளி, வயதுக்கு 2, தேவை 6, எல்லாம் உண்மைதான். அதனால்தான் நம்பினேன். அன்றே பதிவுக் கட்டணம் 35,000 கட்டினேன்.

“ஜெர்மன் பி1 சான்றிதழ் இருந்தா ரெண்டு புள்ளி. நீங்க படிக்க வேண்டாம், பரீட்சை எழுத வேண்டாம், நாங்களே எடுத்துத் தர்றோம்” என்றார் அப்புறம். ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறிக்கொண்டே போகும் மொழித் தேர்ச்சி நிலைகளில் பி1 நடுத்தர நிலை. அதற்கு 90,000. இதைக் கேட்டதுமே எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை, அது என் தப்பு. அப்போது மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், அப்பா கடலுக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார், அடகு வைத்துத்தான் அந்தப் பணத்தைக் கட்டினேன்.

ஜூலையில் சான்றிதழ் கைக்கு வந்தது. கெட்டியான தாள், முத்திரை, என் போட்டோ எல்லாம் இருந்தது. பக்கத்துத் தெருவில் நர்சிங் முடித்த தங்கச்சி ஒருத்தி ஜெர்மன் படித்துக்கொண்டிருக்கிறாள். பெருமையாக அவளிடம் காட்டினேன். வாங்கி ஒரு நிமிஷம் பார்த்தவள், “அண்ணே, இதுல ஒரே ஒரு மார்க்தானே இருக்கு?” என்றாள். ஜெர்மன் மொழித் தேர்வு நடத்துகிற கோத்தே நிறுவனத்தின் பி1 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 100-க்குத் தனித்தனி மதிப்பெண், ஒவ்வொன்றிலும் 60 எடுக்க வேண்டும். என் தாளில் ‘78’ என்று ஒரே எண். “இதை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்துராதீங்கண்ணே, உங்க பேர்லதான் கேஸ் வரும்” என்றாள். போலி ஆவணம் கொடுப்பது ஜெர்மன் சட்டப்படி குற்றம். மாட்டினால் மாட்டுவது விண்ணப்பத்தில் பெயர் இருக்கிறவன், ஏஜெண்ட் இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் அவளே அனபின் தளத்தைத் திறந்து காட்டினாள். வெளிநாட்டுப் பட்டங்கள் ஜெர்மனியில் எந்த அளவுக்குச் செல்லும் என்று பார்க்கிற அரசுத் தளம் அது. காசு கிடையாது. முழுக்க ஜெர்மன் மொழிதான், போனில் மொழிபெயர்த்துப் படித்துவிடலாம். நான் படித்த பல்கலைக்கழகத்துக்கு நேரே ‘எச் பிளஸ்’, அதாவது அங்கீகாரம் உண்டு என்ற குறி, என் பட்டத்துக்கு நேரே ஜெர்மன் பட்டத்துக்கு நிகர் என்ற குறிப்பு. இரண்டும் இப்படி இருந்தால் என்னைப் போன்ற இன்ஜினியர் முழுத் தகுதியுள்ள தொழில்வல்லுநர் கணக்கில் வந்துவிடுகிறான். அவனுக்கு ஆறு புள்ளி என்ற நிபந்தனையே கிடையாது! இல்லாத ஒரு தேவைக்குத்தான் அம்மாவின் சங்கிலி போயிருக்கிறது. நர்ஸ், டாக்டர் போன்று உரிமம் வேண்டிய தொழில்களுக்கு விதி வேறு, அவர்கள் தனியாக விசாரிக்க வேண்டும். பட்டம் அனபினில் இல்லையென்றால் ஜெர்மனியின் மைய மதிப்பீட்டு அலுவலகத்தில் 208 யூரோ கட்டி ஒப்பீட்டுச் சான்று வாங்கலாம்.

டிப்ளமோ, இரண்டு வருட ஐடிஐ படித்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் அந்த ஆறு புள்ளி தேவைப்படும். அதோடு ஜெர்மன் ஏ1 அல்லது ஆங்கிலம் பி2 கட்டாயம். ஜெர்மன் ஏ2-க்கு 1 புள்ளி, பி1-க்கு 2, பி2-க்கு 3. இதை நாமே உட்கார்ந்து எண்ணிவிடலாம், இதற்கு 35,000 பதிவுக் கட்டணம் எதற்கு?

மிச்சம் 60,000 போனது ‘பிளாக்டு அக்கவுண்ட்’ என்ற பெயரில். “பணத்தை நாங்க காட்டிக்கிறோம், கமிஷன் மட்டும் குடுங்க” என்றார். உண்மை என்னவென்றால், நான் பார்த்த 2025 கணக்குப்படி மாதம் 1,091 யூரோ வீதம் ஒரு வருஷத்துக்கு 13,092 யூரோ, அங்கே தங்கும் செலவுக்கு என்று, வங்கிக் கணக்கில் நம் பெயரிலேயே முடக்கிவைக்க வேண்டும். ரூபாயில் 13 லட்சத்துக்கு மேல் வரும். பெரிய தொகைதான், ஆனால் நம் பணம். அங்கே போனபிறகு மாதாமாதம் நமக்கே வரும். அங்கே இருக்கும் உறவினர் முறைப்படி பொறுப்பேற்று உறுதிமொழி கொடுத்தாலும் சரி. ஏஜெண்ட் யாருடைய பணத்தையோ நம் பெயரில் காட்டுகிறார் என்றால் அதுவும் போலிதான்.

இதில் மிக மோசமானது, போனவுடன் வேலை ரெடி என்று அவர் சொன்னது. இந்த அட்டை வேலை விசா இல்லை. அதிகபட்சம் ஒரு வருஷம் தங்கி வேலை தேட அனுமதி, அவ்வளவுதான். அதுவரை வாரத்துக்கு 20 மணி நேரம் பகுதிநேர வேலை செய்யலாம். வேலை கிடைக்கவில்லையென்றால் திரும்பத்தான் வேண்டும்.

நேரில் போய்க் கேட்டேன். என் விண்ணப்பத்தின் கணக்கை அவருடைய இமெயிலில், அவருடைய போன் நம்பரில் திறந்திருப்பதாகச் சொன்னார். பாஸ்வேர்டு கேட்டால் ‘கம்பெனி ரகசியம்’ என்றார். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983 குடியேற்றச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும், கட்டணமும் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் உச்சவரம்பு. பதிவு எண் கேட்டேன். “அதெல்லாம் சவூதி, துபாய்க்குத்தான் தம்பி” என்றார். பதிவு பெற்ற ஏஜெண்டுகளின் பட்டியல் இருக்கிற மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் தேடினேன், அவர் பெயரும் இல்லை, கம்பெனி பெயரும் இல்லை.

எஸ்.பி. அலுவலகத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறேன். ஜிபேயில் அனுப்பியதற்கு ஆதாரம் இருந்தது. கையில் கொடுத்த 35,000-க்குத்தான் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. இதுவரை 70,000 திரும்பியிருக்கிறது. அந்தப் போலிச் சான்றிதழைக் கிழிக்காமல் புகாரோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன். ஜெர்மன் தூதரகச் சேவைத் தளத்தில் என் சொந்த இமெயிலில் புதுக் கணக்குத் திறந்தாயிற்று. விசாக் கட்டணம் 75 யூரோதான். முடக்கிவைக்க வேண்டிய பணத்தில் பாதி சேர்ந்திருக்கிறது, அதனால் இந்த வருஷம் விண்ணப்பிக்க முடியாது.

அந்த அலுவலகத்தில் நான் உட்கார்ந்திருந்த நாட்களில் பாம்பன், தொண்டிப் பக்கத்துப் பையன்கள் நாலைந்து பேரைப் பார்த்தேன், எல்லோர் கையிலும் சிவப்புப் பேனாவால் எழுதிய அதே தாள் இருந்தது. அவர்களில் யாராவது இதைப் படித்தால் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். வரும் திங்கள்கிழமை கலெக்டர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளில் நான் மனு கொடுக்கப் போகிறேன், காலை 10 மணிக்கு வாசலில் இருப்பேன்.