அறிவிப்புக்கு முந்தைய செய்தி: ஆவணமா, நிருபரா, முகமற்ற கணக்கா?

மன்னார்குடியில், மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு பிளேஸ்டேஷன் ஆடக் கொடுக்கும் சிறிய கடை ஒன்றை நடத்துகிறேன். தை அறுவடை முடிந்து வீடுகளில் காசு புழங்கும் வாரங்களில், இன்னும் அறிவிக்கப்படாத ஏதாவது ஒரு கேமைப் பற்றிய செய்தியைக் கைப்பேசியில் நீட்டி, “அண்ணே, இது உண்மையா?” என்று கேட்கும் பையன்கள் கூடிவிடுகிறார்கள். சென்ற மாதம் வந்த தம்பி ஒருவன் காட்டியது வெளிநாட்டு இணையக் கடை ஒன்றின் பக்கத்தைப் பிடித்த படம். அதில் ஒரு கேமின் பெயரும், விலையும், டிசம்பர் 31 என்ற தேதியும் இருந்தன. அதை நம்பித் தன் பழைய பிளேஸ்டேஷன் 4-ஐ உடனே விற்றுவிடலாமா என்பதுதான் அவனுடைய கேள்வி.

இத்தகைய செய்தி பெரும்பாலும் மூன்று வழிகளில் வருகிறது. ஏதோ ஓர் ஆவணத்தில் தடயமாகத் தென்படலாம், பெயர் போட்டு எழுதும் நிருபர் சொல்லலாம், அல்லது பெயரில்லாத சமூக ஊடகக் கணக்கு ஒன்று பதிவிடலாம். எது நம்பகமானது என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. கேம் இருக்கிறதா, எந்த வடிவில் இருக்கிறது, எப்போது வரும் என்ற மூன்று கேள்விகளையும் தனித்தனியே கேட்க வேண்டும். மேட்டூரில் நீர்மட்டம் 120 அடியைத் தொட்டது என்பது ஒரு செய்தி. ஜூன் 12-இல் அணையைத் திறப்பார்களா என்பது வேறு. திறந்த நீர் கல்லணை தாண்டி நம் ஊர் வாய்க்காலுக்கு என்றைக்கு வந்து சேரும் என்பது முற்றிலும் வேறு. கடைமடைக்காரர்களுக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை.

முதல் கேள்விக்கு ஆவணத்தை மிஞ்சிய சாட்சி கிடையாது. ஆனால் ஆவணங்களுக்குள்ளேயே மேல்கீழ் உண்டு. வயதுவரம்பு நிர்ணயிக்கும் அமைப்புகளின் பதிவுகளை நான் முதலில் வைப்பேன். ஏனெனில் கேமை ஏறக்குறைய முடித்த பிறகே நிறுவனம் அங்கே விண்ணப்பிக்கிறது, பொய்யாக விண்ணப்பிப்பதால் அதற்கு எந்த ஆதாயமும் இல்லை. 2023 ஜூன் மாதக் கடைசியில் தென்கொரியாவின் பதிவேட்டில் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் என்ற பெயர் தென்பட்டது. 2010-இல் வந்த கேமுக்குப் புதிதாக ஏன் சான்று வாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, முழுக்கப் புதுப்பித்து எடுக்கிறார்கள் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் நான் அடித்துச் சொன்னேன். ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. பிளேஸ்டேஷன் 4-க்கும் நின்டெண்டோவின் ஸ்விட்ச் கருவிக்கும் அதே பழைய கேமை மாற்றிக் கொடுத்திருந்தார்கள், அவ்வளவுதான். ஆவணம் பொய் சொல்லவில்லை; அதில் இல்லாததை நான்தான் வாசித்திருந்தேன். அடுத்த சில வாரங்களுக்கு என் பேச்சுக்குக் கடையில் மதிப்பில்லாமல் போனது.

அடுத்த இடம் நீதிமன்ற ஆவணங்களுக்கு. மைக்ரோசாஃப்டுக்கு எதிராக அமெரிக்க வணிக ஆணையம் தொடுத்த வழக்கில், 2023 செப்டம்பரில், மறைக்கப்பட்டிருக்க வேண்டிய உள்தாள்கள் தவறுதலாக வெளியே தெரிந்துவிட்டன. அவற்றில் பெதஸ்தா என்ற கேம் நிறுவனத்தின் தாய் நிறுவனம் 2020-இல் வகுத்த வெளியீட்டுத் திட்டமும் இருந்தது. ஆப்லிவியன் கேமின் ரீமாஸ்டர், அதாவது மெருகேற்றிய மறுபதிப்பு, 2022 நிதியாண்டில் வரும் என்றது அந்தத் தாள். அது வந்ததோ 2025 ஏப்ரல் 22-இல், அறிவித்த அதே நாளில். டூம் இயர் ஜீரோ என்று அதில் குறித்திருந்தது, டூம்: தி டார்க் ஏஜஸ் என்ற வேறு பெயரில் 2025 மே மாதம் வந்தது. அதே பட்டியலில் இருந்த டிஸ்ஹானர்டு 3, ஆப்லிவியன் கடைக்கு வந்த நாளிலும் அறிவிக்கப்படாமலேயே கிடந்தது. நிறுவனமே தன் கைப்பட எழுதிய தாளுக்கே இதுதான் கதி என்றால், அதை எழுதப்பட்ட தேதியின் உண்மையாக மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆகிறது.

2021 செப்டம்பரில் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் நவ் என்ற இணையவழி கேம் சேவையின் தரவுகளிலிருந்து வெளிவந்த கேம் பட்டியலும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. அது உள்பயன்பாட்டுக்கான ஊகப் பட்டியல் என்று நிறுவனம் விளக்கம் அளித்தது. அடுத்த மாதமே அதிலிருந்த காட் ஆஃப் வாரின் கணினிப் பதிப்பு அறிவிக்கப்பட்டது, மறு ஆண்டு கிங்டம் ஹார்ட்ஸ் 4-உம் டிராகன்ஸ் டாக்மா 2-உம் அறிவிக்கப்பட்டன. ஊகம் என்ற சொல்லை நம்பி ஒதுக்கியவர்கள் ஏமாந்தார்கள். பட்டியல் முழுவதும் ஓரிரு ஆண்டில் வந்துவிடும் என்று காத்திருந்தவர்களும் ஏமாந்தார்கள்.

கடைப் பட்டியல்களை இவற்றுக்குக் கீழேதான் வைக்க வேண்டியிருக்கிறது. 2018 மே மாதம் வால்மார்ட்டின் கனடா தளத்தில் ரேஜ் 2, ஜஸ்ட் காஸ் 4 முதலிய அறிவிக்கப்படாத பெயர்கள் தோன்றின; ரேஜ் 2 சில நாட்களிலேயே உண்மையானது, ஜஸ்ட் காஸ் ஜூனில் அறிவிக்கப்பட்டது. அதே பட்டியலில் ஃபோர்ஸா ஹொரைஸன் 5 என்றும் இருந்தது. அந்த ஆண்டு வந்ததோ நான்காம் பாகம், ஐந்தாவது 2021-இல்தான் வந்தது. நிறுவனம் தந்த பெயரும், கடைக்காரர் முன்யோசனையாக நிரப்பிவைத்த பெயரும் ஒரே பட்டியலில் கலந்திருந்தால் வெளியிலிருந்து பிரித்தறிய வழியில்லை. ஒரு பெயரைத் தனதாக்கிக்கொள்ள நிறுவனம் செய்யும் வணிகக்குறிப் பதிவு (டிரேட்மார்க்) என்பது பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போன்றது. ஆள் ஏறாமலும் போகலாம்.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது கேமுக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு, ஆவணம் வாய் திறக்காது. அங்கே நிருபர்தான் உதவுவார். ஜிடிஏ 6 என்ற கேமில் பெண் ஒருத்தி நாயகியாக இருப்பாள், கதை பானி–கிளைடு என்ற கொள்ளைக்கார இணையின் சாயலில் அமையும் என்று புளூம்பர்க்கில் ஜேசன் ஷ்ரையர் 2022 ஜூலையில் எழுதினார். செப்டம்பரில், ஊடுருவித் திருடப்பட்ட சுமார் 90 காணொளிகள் வெளிவந்தபோதும், 2023 டிசம்பரில் முதல் டிரெய்லர் வந்தபோதும் அது சரி என்று தெரிந்தது. (திருட்டுக் காணொளிகளின் உண்மையை நிறுவனமே ஒப்புக்கொண்டது, ஆயினும் அவற்றை என் கடைத் திரையில் ஓட விடவில்லை.) இப்படிப்பட்ட நிருபர் தகவல் தந்தவர்களின் பெயரை மறைக்கிறார், தன் பெயரை மறைப்பதில்லை, தவறினால் அது அவர் தலையில் விடியும். வெளியீட்டுத் தேதி என்று வரும்போது அவர்கள் பெரும்பாலும் நாளைக் குறிக்காமல் நகர்ந்துவிடுவதை நான் குறையாகக் கருதவில்லை. அதை அவர்களுடைய நேர்மையாகவே கருதுகிறேன்.

முகமற்ற கணக்குகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஏதுமில்லை. இருபது ஊகங்களைப் பதிவிட்டு, பலிக்காத பதினெட்டை அழித்துவிட்டு, மிஞ்சிய இரண்டைக் காட்டிப் பெருமை பேசுவதற்கு எந்தச் செலவும் இல்லை. 2018 அக்டோபரில் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட் என்ற நின்டெண்டோ சண்டை கேமின், புதிய பாத்திரங்களைக் காட்டும் விளம்பரத் தட்டி என்று ஒரு படம் பரவியது. கிரிஞ்ச் என்ற திரைப்படத்தின் அச்சுப் பொருட்கள் பக்கத்தில் தெரிந்ததால், அச்சகத்தில் எடுத்த படம்தான் என்று பலர் நம்பினார்கள். நவம்பர் 1-ஆம் தேதி நின்டெண்டோ அறிவித்ததில் கென் என்ற பாத்திரம் மட்டுமே அதனுடன் ஒத்துப்போனது. கென் வருவான் என்ற பேச்சு அதற்கு முன்பே பரவலாக இருந்ததுதான். நம்பவைத்தது ஓரத்தில் கிடந்த அந்த அநாவசியமான விவரமே என்பதால், அளவுக்கு மீறி இயல்பாகத் தோன்றும் படத்தை இப்போதெல்லாம் இன்னும் கூர்ந்து பார்க்கிறேன்.

மூன்று வழிகளுக்கும் பொதுவான ஒரு சிக்கலும் உண்டு. ஒரே பதிவைப் பத்துத் தளங்கள் எடுத்து எழுத, அதைப் பார்த்து நான்கு தமிழ் யூடியூப் சேனல்கள் பேச, பதினான்கு சாட்சிகள் இருப்பதாகப் பையன்கள் எண்ணிக்கொள்கிறார்கள். பின்னோக்கிப் போய்ப் பார்த்தால் ஊற்று ஒன்றாகவே இருக்கும். சில சமயம் அந்த ஊற்றுப் பதிவே அழிக்கப்பட்டிருக்கும்.

டிசம்பர் 31 என்று போட்டிருந்தால், தேதி தெரியாத கடைக்காரர் கட்டத்தைக் காலியாக விட முடியாமல் நிரப்பியிருக்கிறார் என்றே பெரும்பாலும் பொருள் என்று அந்தத் தம்பியிடம் சொன்னேன். பெயரை வேண்டுமானால் நினைவில் வைத்துக்கொள், ஏதாவது ஒரு நாட்டில் வயதுவரம்புச் சான்று தென்படட்டும், பிறகு விற்பதைப் பற்றிப் பேசலாம் என்றேன். அரைமனதோடு தலையாட்டிவிட்டு, ஒரு மணி நேரம் கிரிக்கெட் ஆடிவிட்டுப் போனான்.

ரெட் டெட் விவகாரத்துக்குப் பிறகு கடைச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறேன். இருக்கிறதா, எப்படி, எப்போது என்று மூன்று கட்டங்கள் போட்டிருக்கிறேன். முதல் கட்டத்தில் பெயர்கள் நிறைய இருக்கின்றன, இரண்டாவதில் சில. மூன்றாவதில் ஜிடிஏ 6-க்கு மட்டும் 2025 என்று எழுதினேன். பிறகு அதை அழித்து 2026 மே 26 என்றும், அதையும் அழித்து 2026 நவம்பர் 19 என்றும் எழுத வேண்டியதாயிற்று. மூன்றுமே நிறுவனம் தன் வாயால் அறிவித்தவை.