ரங்கூன்ல வீக்எண்ட் மேக்ரோ எகனாமிக்ஸ் கிளாஸ், முடிச்சிட்டு எழுதுறேன்

பருப்பு ஏற்றுமதி பண்ற ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், டாலர் ரேட்டு கேட்டுத்தான் எங்களுக்குப் பொழுதே விடியும், ஆனா அந்த ரேட்டு ஏன் ஏறுது, ஏன் ஒரே டாலருக்கு ரெண்டு மூணு விலை இருக்குன்னு யாராவது கேட்டா எனக்குப் பதில் தெரியாது. அதுக்காகவே சேர்ந்த கோர்ஸ் இது, ஒரு நாட்டோட மொத்தப் பொருளாதாரமும் எப்படி ஓடுதுன்னு சொல்ற பாடம். டவுன்டவுன்ல ஒரு தனியார் காலேஜ் (பேர் போடல), சனி ஞாயிறு காலைல, மூணு மாசம். கட்டணம் என் ஒரு மாச சம்பளத்துக்கும் கொஞ்சம் மேல, ரெண்டு தவணையா கட்டலாம். நம்ம பிள்ளைங்க நாலஞ்சு பேர் சேரலாமான்னு கேட்டதால இத எழுதுறேன்.

புக்கு இங்கிலீஷ், விளக்கம் பர்மீஸ்ல. சயாமா (டீச்சரம்மா) ரொம்ப பொறுமை, எத்தன தடவ கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டாங்க. என் பக்கத்துல உக்காந்த அக்கா பாகோல இருந்து வர்ற தமிழ்க்காரங்க, பிரேக்ல லபயே (டீ) குடிச்சிட்டே நாங்க தமிழ்ல திரும்பப் பேசிப் பாப்போம், அப்பத்தான் எனக்கு முழுசா உள்ள போகும். பணவீக்கம்னு தமிழ்ல சொன்னா பாதி அர்த்தம் அந்த வார்த்தையிலயே இருக்கு, உடம்பு பெருத்த மாதிரி தெரியும் ஆனா சத்து இல்ல.

மொத மூணு வாரம் ஜிடிபி, அதாவது நாட்டுல ஒரு வருசத்துல உற்பத்தியாகுறதோட மொத்த மதிப்பு. ஆபீஸ் அனுபவத்தால எனக்கு இது சுலபமா போச்சு. உளுந்து மூட்டை விவசாயி கையில இருந்து பேயின்னாங் சந்தைக்கு வருது, அங்க இருந்து எங்க குடோனுக்கு, அப்புறம் கப்பலுக்கு, மூணு தடவ விக்குது, அந்த மூணு விலையையும் கூட்டினா ஒரே பருப்ப மூணு தடவ எண்ணின மாதிரி, அதனால கடைசி விலைய மட்டும் எடுக்கணும், இல்லன்னா ஒவ்வொரு கையிலயும் ஏறின மதிப்ப மட்டும் கூட்டணும். ஏற்றுமதியில இருந்து இறக்குமதிய கழிக்கிற பகுதியில சயாமா 2017 ஆகஸ்ட்ட எடுத்தாங்க, இந்தியா துவரையும் உளுந்தும் இவ்ளோக்கு மேல இறக்குமதி பண்ணக்கூடாதுன்னு வரம்பு வச்ச மாசம். அப்ப நான் வேலைக்கே வரல, ஆனா எங்க முதலாளி இன்னிக்கும் அந்த மாசத்தப் பத்தி பேசினா குரல் மாறும். பக்கத்து நாட்டுல ஒரு உத்தரவு போட்டா இங்க மக்வே பகுதியில விதைச்சவன் வீட்டு வருமானம் எப்படி இறங்குதுன்னு போர்டுல ஒவ்வொரு படியா போட்டுக் காட்டினாங்க.

ஆனா இந்தக் கோர்ஸுக்கு நான் குடுத்த காசு, 'பணம்'ங்கிற ஒரு பாடத்துக்கே சரியாப் போச்சு. பணத்துக்கு மூணு வேலைன்னு புக்கு சொல்லுது: வாங்க விக்க உதவணும், விலைய அளக்கணும், மதிப்ப சேத்து வைக்கணும். மூணாவது வேலைய படிச்சப்ப எனக்கு எங்க தாத்தா ஞாபகம்தான். 1964ல 50, 100 கியாட் (பர்மா பணம்) நோட்டு செல்லாதுன்னாங்க, 1985ல திரும்ப பெரிய நோட்டுங்க போச்சு, அதுக்குப் பதிலா வந்த 75 நோட்ட நம்பி தாத்தா கடைப் பணத்த தகரப் பெட்டியில வச்சிருந்தார், 1987 செப்டம்பர்ல 25, 35, 75 மூணும் செல்லாது, மாத்தவும் விடல. அப்புறம் 45, 90ன்னு புது நோட்டு வந்துச்சு. அதுக்கப்புறம் தாத்தா கையில காசு சேந்தா அன்னிக்கே தங்கக் கடைக்குப் போயிடுவார். அது ஒரு பயம், வயசானவர் பிடிவாதம்னுதான் நாங்க நெனச்சோம். இல்ல, நோட்டு அந்த மூணாவது வேலைய செய்யலன்னு தெரிஞ்சு அத செய்யற பொருளுக்கு மாறிட்டார், அவ்ளோதான். இத அவர் இருக்கும்போதே அவர்கிட்ட சொல்லியிருக்கலாம்னு மனசு கெடந்து அடிச்சுக்குது.

பணம் கை மாறுற வேகம் பெருசா மாறாதுன்னு எடுத்துக்கலாம்னு புக்குல ஒரு வரி. சயாமா புக்க மூடி வச்சிட்டு, சம்பளம் வந்தா மொத நாள் என்ன செய்வீங்கன்னு கேட்டாங்க. ஒருத்தர் தங்கம்னார், ஒருத்தர் டாலர், மிச்சப் பேர் அரிசி மூட்டையும் எண்ணெயும். அப்ப வேகம் எப்படி மாறாம இருக்கும்னு கேட்டுட்டு, எல்லாரும் கியாட்ட கையில வைக்க பயந்தா அச்சடிச்ச பணத்தவிட விலை ஏன் வேகமா ஏறும்னு விளக்கினாங்க. அதே வரிசையில 2003 பிப்ரவரியில ஜனங்க பேங்க்ல போட்ட பணத்த எடுக்க ஓடின நெருக்கடி, 2021ல ஏடிஎம் க்யூ, கமிஷன் குடுத்து அக்கவுண்ட் பணத்த கைப்பணமா மாத்தினது எல்லாம் வந்துச்சு. அன்னிக்கு கரண்ட் இல்ல, ஜெனரேட்டர் ஃபேனுக்கு மட்டும்தான், ஸ்லைடு எதுவும் இல்லாம நடத்தின அந்தக் கிளாஸ்தான் மூணு மாசத்துலயே பெஸ்ட்.

இப்ப குறை. அமெரிக்காவோட மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வுக்கு ரெண்டு வாரம் போச்சு, பாண்ட் (கடன் பத்திரம்) வாங்குறது விக்கிறது, வட்டி ஏத்துறதுன்னு. தெரிஞ்சுக்க வேண்டியதுதான், ஆனா அரசாங்கத்தோட பற்றாக்குறைய மத்திய வங்கியே பணம் குடுத்து நிரப்புற நாட்டுல இருக்கோம், அதுக்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கல. நான் எதுக்கு சேர்ந்தேனோ அந்த எக்ஸ்சேஞ்ச் ரேட்டுக்கு கடைசி வாரம் ரெண்டே கிளாஸ். அரசாங்க ரேட்டுல டாலர் 6 கியாட்டுன்னு வருசக்கணக்கா எழுதி வச்சிட்டு 2012 ஏப்ரல் 1ல 818ன்னு ஆரம்பிச்ச கத, 2022ல மத்திய வங்கி ரேட்ட 1,850, அப்புறம் ஆகஸ்ட்ல 2,100ன்னு கட்டி வச்சு, ஏற்றுமதிக்காரங்க டாலர்ல 65 சதவீதத்த அந்த ரேட்டுக்கே மாத்தணும்னு சொன்னது, இதெல்லாம் ஓட்டமா ஓடிட்டாங்க. என் வவுச்சர்ல இருக்கிற வாழ்க்கையே அதுதானே, இன்னும் மூணு கிளாஸ் வேணும்.

புக்கு கட்டணத்துல சேத்தின்னு சொன்னாங்க, குடுத்தது மங்கலான ஜெராக்ஸ். டிமாண்ட் கோடு எது சப்ளை கோடு எதுன்னு பாதி பக்கத்துல தெரியல. பரீட்சை முழுக்க சரியான விடைய டிக் பண்றதுதான், யோசிச்சு எழுத எடமே இல்ல, இந்த மாதிரி பாடத்துக்கு இது சரியில்ல.

அசைன்மெண்ட் மட்டும் அருமை. வீட்டு செலவு நோட்டு வச்சு சொந்தமா ஒரு விலைக் குறியீடு போடணும். எங்க அம்மா வருசக்கணக்கா எழுதுறாங்க, அரிசி, எண்ணெய், வெங்காயம், கருவாடு, பஸ் காசு எல்லாம். பழைய வருசத்துல வாங்கின அதே சாமான் கூடைக்கு இன்னிக்கு என்ன ஆகுதுன்னு பாத்தா ஒரு கணக்கு வருது, அம்மா நெசமா செலவு பண்ணினத பாத்தா அத விட கம்மியா வருது, ஏன்னா அவங்க கடல எண்ணெய விட்டுட்டு பாமாயிலுக்கு மாறிட்டாங்க. கூடைய மாத்தாம கணக்கு போட்டா விலை ஏத்தத்த கூட்டிக் காட்டும்னு புக்கு சொல்லுது. கணக்குக்கு அது சரி. ஆனா கடல எண்ணெய் போனதும் ஒரு நஷ்டம்தான், அது எந்த கட்டத்துலயும் வரலன்னு எழுதி வச்சேன், சயாமா அந்த வரிக்கு அடியில கோடு போட்டு முழு மார்க் குடுத்தாங்க.

டிரேடிங், அக்கவுண்ட்ஸ், கடை வச்சிருக்கவங்க தாராளமா சேரலாம். கணக்குப் பிரச்சன இல்ல, சதவீதம் போடத் தெரிஞ்சா போதும். பர்மீஸ் தடுமாறுறவங்களுக்கு கொஞ்சம் கஷ்டம். புக்க வெளியில நல்ல பிரிண்ட்டா வாங்கிக்கங்க. ஆறு பேர் சேந்து கேட்டா எக்ஸ்சேஞ்ச் ரேட்ட மட்டும் தனியா நாலு ஞாயிறு நடத்துறேன்னு சயாமா சொல்லிருக்காங்க, நானும் பாகோ அக்காவும் ரெண்டு பேர் ஆச்சு, வர்றவங்க சொல்லுங்க.